வந்தது பெரிய ஆர்டர்; போனது 22 டன் சரக்கு!

சின்ன வியாபாரிகளைக் குறி வைக்கும் இ-மெயில் மோசடி

திருடன் எப்படி வருவான்? இரவில் வருவான். பூட்டை உடைப்பான். சத்தம் கேட்டால் ஓடிவிடுவான்.

இது பழைய திருடன்.

புதிய திருடன் பகலில் வருகிறான். வணக்கம் சொல்லிக்கொண்டு வருகிறான். பூட்டைத் தொடுவதே இல்லை. கடைக்காரரே கடையைத் திறக்கிறார். சரக்கை எடுத்து எடை போடுகிறார். பெட்டியில் அடுக்குகிறார். லாரியில் ஏற்றி அனுப்பி வைக்கிறார். "தங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று ஒரு கடிதமும் எழுதுகிறார்!

பிறகு, பணம் வரும் என்று காத்திருக்கிறார். பணம் வருவதில்லை.

கடைசியில் அவர் கையில் மிஞ்சுவது, ஆர்டர் கொடுத்த அந்த இ-மெயில் ஒன்றுதான்.

இந்த மோசடி பல நாடுகளில் நடக்கிறது. இதில் சிக்குகிறவர்கள் பெரும் பணக்காரர்கள் மட்டும் அல்ல. சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர், பட்டறை வைத்திருப்பவர், குடும்பமாகச் சேர்ந்து பண்ணையைக் கவனிப்பவர்... இப்படிப்பட்டவர்களும் சிக்குகிறார்கள்.

எப்படி ஏமாற்றுகிறார்கள்? எப்படித் தப்பிக்கலாம்? பார்ப்போம்.

லண்டனில் நடந்தது

லண்டன் நகரில் "நீல்ஸ் யார்டு டெய்ரி" என்று ஒரு கம்பெனி இருக்கிறது. 1979-ம் ஆண்டில் தொடங்கிய கம்பெனி. பண்ணைக்காரர்கள் செய்யும் பாலாடைக்கட்டியை வாங்கி விற்பது அதன் தொழில். (கடையில் "சீஸ்" என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் பாலாடைக்கட்டி.)

2024-ம் ஆண்டில் இந்தக் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது.

"பிரான்ஸ் நாட்டில் ஒரு பெரிய கடை இருக்கிறது. அந்தக் கடைக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கும் மொத்த வியாபாரிகள் நாங்கள்" என்று சொல்லி ஆர்டர் கொடுத்தார்கள். கேட்டது, "செடார்" என்னும் உயர்ந்த ரகப் பாலாடைக்கட்டி.

எவ்வளவு கேட்டார்கள்? 22 டன்!

இது இயந்திரத்தில் போட்டால் மறுநாள் வந்து விழும் சரக்கு அல்ல. ஒரு கிலோ செடார் செய்யச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். செய்த உடனே விற்கவும் முடியாது. மெல்லிய துணியைச் சுற்றி, குளிர்ந்த அறையில் அடுக்கி வைப்பார்கள். அடிக்கடி திருப்பி வைப்பார்கள். நல்ல சரக்கு பக்குவமாக ஒரு வருஷம் ஆகும். அதற்கு மேலும் ஆவது உண்டு.

22 டன் என்றால் கணக்குப் பாருங்கள். 2 லட்சம் லிட்டருக்கு மேல் பால்! ஒரு வருஷ உழைப்பு!

இந்தச் சரக்கு மூன்று பண்ணைக்காரர்களிடமிருந்து வந்தது. ஒருவர் வேல்ஸ் நாட்டில் "ஹாவோடு" என்ற செடார் செய்பவர். மற்ற இருவரும் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதிக்காரர்கள். "வெஸ்ட்கோம்", "பிட்ச்போர்க்" என்பவை அவர்களுடைய சரக்கின் பெயர்கள்.

மொத்தம் 950 உருளைகள். ஒவ்வொன்றும் சராசரி 23 கிலோ எடை. எல்லாம் ஏற்றி அனுப்பப்பட்டன. சரக்கின் மதிப்பு 3 லட்சம் பவுண்டுக்கு மேல். நம் பணத்தில் சுமார் 3 கோடி ரூபாய்!

சரக்கு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் உண்மை தெரிந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் கடைக்காக வாங்கியவர்கள் அல்ல. எல்லாம் வேஷம்!

2024 அக்டோபரில் லண்டன் போலீஸாரிடம் புகார் போயிற்று. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் செய்தி வந்தது. ஜேமி ஆலிவர் என்ற பிரபல சமையல் நிபுணர், "மலிவு விலையில் யாராவது செடார் விற்க வந்தால் ஜாக்கிரதை!" என்ற கருத்தில் ஜனங்களை எச்சரித்தார். அதே மாதக் கடைசியில், 63 வயதுள்ள ஒருவரைப் போலீஸார் கைது செய்தார்கள். விசாரித்த பின் ஜாமீனில் விட்டார்கள்.

நஷ்டம் யாருக்கு?

பண்ணைக்காரர்களின் கதி என்ன?

நீல்ஸ் யார்டு கம்பெனி நினைத்திருந்தால், "எங்களுக்கே பணம் வரவில்லை. உங்களுக்கு எங்கிருந்து கொடுப்பது?" என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் அந்தப் பண்ணைகளின் பாடு திண்டாட்டம் ஆகியிருக்கும். மாட்டுக்குத் தீவனம் வாங்க வேண்டும். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

ஆனால் கம்பெனி அப்படிக் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் சேர வேண்டிய பணத்தைக் கொடுத்துவிட்டது. நஷ்டத்தைத் தானே தாங்கிக்கொண்டது.

இன்னொரு நல்ல காரியமும் செய்தது. ஏமாந்ததை மூடி மறைக்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னது. "துணி சுற்றிய செடார், 10 கிலோ அல்லது 24 கிலோ அளவில், அடையாளச் சீட்டு பிய்க்கப்பட்டு உங்களிடம் விற்பனைக்கு வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று உலகம் முழுவதும் உள்ள பாலாடைக்கட்டி வியாபாரிகளைக் கேட்டுக்கொண்டது.

நஷ்டத்தைத் தாங்க அந்தக் கம்பெனியால் முடிந்தது. எல்லாராலும் முடியுமா?

பல்கலைக்கழக வேஷம்!

லண்டனில் நடந்தது ஒரு பெரிய சம்பவம். அமெரிக்காவிலோ இதே வேலையை ஒரு கூட்டம் தொழிலாகவே நடத்தியது. அந்த விவரத்தை 2014 செப்டம்பரில் அமெரிக்கத் துப்பறியும் இலாகாவான எப்.பி.ஐ. வெளியிட்டது.

அங்கே மோசடிக்காரர்கள் போட்ட வேஷம், பல்கலைக்கழகம்!

பல்கலைக்கழகம் ஓடிப் போகுமா? போகாது. பணம் தராமல் இருக்குமா? இருக்காது. எனவே, பல்கலைக்கழகம் என்றால் வியாபாரிகள் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுப்பார்கள். இந்த நம்பிக்கைதான் மோசடிக்காரர்களுக்கு முதல்.

முதலில் ஒரு இ-மெயில் வரும். "எங்களுக்கு இன்ன சாமான் இத்தனை வேண்டும். விலை என்ன?" என்று கேட்கும். வியாபாரி விலை எழுதி அனுப்புவார். அடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயரும் சின்னமும் போட்ட ஆர்டர் தாள் வரும். கீழே அதிகாரி பெயர் இருக்கும். "சரக்கை உடனே அனுப்புங்கள். 30 நாளில் பணம் தருகிறோம்" என்று எழுதியிருக்கும்.

சரக்கு போகும். 30 நாள் கழியும். வியாபாரி நிஜமான பல்கலைக்கழகத்துக்குப் பில் அனுப்புவார்.

"நாங்கள் ஆர்டரே கொடுக்கவில்லையே!" என்று பதில் வரும்.

அதற்குள் சரக்கு கடல் கடந்து போயிருக்கும்!

இந்தக் கூட்டம் நைஜீரியா நாட்டிலிருந்து இயங்கியது என்று எப்.பி.ஐ. சொன்னது. 85-க்கும் மேற்பட்ட கம்பெனிகள், பல்கலைக்கழகங்களின் பெயர்களைத் திருடிப் பயன்படுத்தினார்கள். சுமார் 250 வியாபாரிகளிடம் 400 தடவைக்கு மேல் முயற்சி செய்தார்கள். அதுவரை பறிபோன தொகை சுமார் 50 லட்சம் டாலர்!

இதோடு நிற்கவில்லை. 2023 மார்ச்சில் எப்.பி.ஐ. மறுபடியும் எச்சரித்தது. இந்தத் தடவை மோசடிக்காரர்கள் கேட்டவை வேறு சாமான்கள். வீடு கட்டும் சாமான்கள், விவசாயத்துக்கு வேண்டியவை, கம்ப்யூட்டர்கள், சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் தயாரிக்கும் கருவிகள். கடன் பெறுவதற்காக, "இவர்கள் நாணயமானவர்கள்" என்று சொல்லும் பொய்ச் சான்றுகளையும், பொய் வரிப் படிவங்களையும் காட்டினார்கள். 30 நாள், 60 நாள் கெடு வாங்கினார்கள். கெடு முடிவதற்குள் மறைந்தார்கள்.

கெடு எதற்கு என்று இப்போது புரிகிறதா? கெடு எவ்வளவு நீளமோ, ஓடுவதற்கு அவ்வளவு நேரம் கிடைக்கிறது.

எழுத்தில் இருக்கிறது சூட்சுமம்

"இ-மெயில் விலாசத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரியாதா?" என்று கேட்கலாம்.

தெரியும், உற்றுப் பார்த்தால்!

இ-மெயில் விலாசத்தின் நடுவில் ஒரு சுழி இருக்கும். அதற்கு முன்னால் இருப்பது ஆள் பெயர். பின்னால் இருப்பது கம்பெனியின் பெயர். வீட்டுக்கு வாசல் போல, கம்பெனிக்கு அந்தப் பின்பக்கப் பெயர்.

அந்தப் பெயரை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதைப் போலவே இருக்கும் இன்னொரு பெயரைச் சிறு தொகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். நடுவில் ஒரு சின்னக் கோடு சேர்ப்பார்கள். அல்லது ஒரு எழுத்தை விடுவார்கள். இங்கிலீஷில் "ஆர்", "என்" என்ற இரண்டு சின்ன எழுத்துக்களை ஒட்டி எழுதினால், "எம்" என்ற எழுத்து மாதிரியே தெரியும். அவசரத்தில் பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

செல்போனில் பார்த்தால் இன்னும் மோசம். பல செல்போன்கள் அனுப்பியவர் பெயரை மட்டும் காட்டும். முழு விலாசத்தைக் காட்டாது. பெயரை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அமைச்சர் பெயரையும் போடலாம். பெயரை விரலால் தொட்டுப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் விலாசம் தெரியும்.

நாம் பார்ப்பதும் ஒன்று, உள்ளே இருப்பதும் ஒன்று!

பார்சல் போகும் வீடு

"சரக்கு ஒரு விலாசத்துக்குத்தானே போக வேண்டும்? அங்கே போய்ப் பிடித்துவிடலாமே!"

பிடிக்கலாம். ஆனால் அங்கே இருப்பவரே ஏமாந்தவராக இருப்பார்! இதுதான் இந்த மோசடியில் மிகவும் பரிதாபமான பகுதி.

அமெரிக்காவில் சரக்கு போய்ச் சேர்ந்த விலாசங்கள் சில, வாடகைக் கிடங்குகள். சில, சாதாரண வீடுகள். அந்த வீட்டில் இருப்பவர் யார்? இன்டர்நெட்டில் யாரோ ஒருவர் காதல் வார்த்தை பேசியதை நம்பிய தனிமையான மனிதர். அல்லது, "வீட்டிலிருந்தே வேலை" என்ற விளம்பரத்தை நம்பியவர்.

"உங்கள் வீட்டுக்குப் பார்சல் வரும். நான் அனுப்பும் விலாசச் சீட்டை மேலே ஒட்டி மறுபடி அனுப்புங்கள். அவ்வளவுதான் வேலை" என்று சொல்லியிருப்பார்கள். அவரும் ஒட்டி அனுப்பியிருப்பார். ஒரு நாள் போலீஸார் கதவைத் தட்டும்போதுதான், திருட்டுச் சரக்கைக் கை மாற்றிவிட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

ஒரே மோசடியில் மூன்று பேர் கெடுகிறார்கள். சரக்கை இழந்த வியாபாரி ஒருவர். பெயர் கெட்ட நிறுவனம் ஒன்று. போலீஸ் விசாரணையில் மாட்டிக்கொண்ட அப்பாவி ஒருவர்.

வீட்டில் வேலை தேடும் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். முன்பின் தெரியாதவருக்காகப் பார்சல் வாங்கி அனுப்புவது வேலை அல்ல. வினை!

பழைய வித்தை

கம்ப்யூட்டர் வந்ததால் வந்த கேடு இது என்று சிலர் சொல்வார்கள். அது சரி அல்ல. வித்தை பழையது. வேஷம்தான் புதியது.

இங்கிலாந்தில் இதற்கு "லாங் பர்ம்" மோசடி என்று பெயர். 19-வது நூற்றாண்டிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது.

அது எப்படி நடக்கும்? ஒருவன் கடை திறப்பான். மொத்த வியாபாரியிடம் கொஞ்சம் சரக்கு வாங்குவான். சொன்ன நாளில் பணம் கட்டுவான். மறுபடி வாங்குவான். மறுபடி கட்டுவான். நல்ல பெயர் எடுப்பான். பிறகு ஒரு நாள், எல்லா மொத்த வியாபாரிகளிடமும் பெரிய பெரிய ஆர்டராகக் கொடுப்பான். எல்லாம் கடன். வந்த சரக்கை வந்த விலைக்கு விற்பான். இரவோடு இரவாகக் கடையைக் காலி செய்வான்.

லண்டனைக் கலக்கிய கிரே சகோதரர்கள் என்ற இரட்டையர், 1960-களில் இந்த வகையில் பணம் பண்ணினார்கள். (பிறகு 1969-ல் கொலை வழக்கில் அவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.)

அந்தக் காலத்தில் ஏமாற்ற ஒரு கடை வேண்டும். வாடகை கட்ட வேண்டும். மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும். இன்று அது ஒன்றும் வேண்டாம். நல்ல பெயரை எடுக்க வேண்டியதில்லை, திருடிக்கொள்ளலாம்! ஒரே இ-மெயிலை ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். ஆயிரத்தில் ஒருவர் ஏமாந்தால் போதும்.

அதிகப் பணம் அனுப்பும் "நல்லவர்"

இன்னொரு வகை மோசடி இருக்கிறது. இதில் அவர்கள் சரக்கைக் கேட்பது பேச்சுக்குத்தான். கண் எல்லாம் உங்கள் பணப்பெட்டி மேல்!

சாப்பாட்டுக் கடைக்காரர்கள், போட்டோ எடுப்பவர்கள், தச்சு வேலை செய்பவர்கள் போன்றவர்களுக்கு இந்த மாதிரி இ-மெயில் வரும். அமெரிக்காவில் இது மிகவும் சகஜம். அதன் தோரணை இப்படி இருக்கும்:

"எங்கள் குடும்ப விழாவுக்கு 120 பேருக்குச் சாப்பாடு வேண்டும். முழுப் பணத்தையும் முன்பணமாகவே கொடுத்துவிடுகிறேன். எனக்குக் காது கேட்காது; டெலிபோனில் பேச முடியாது. ஒரு சிறிய உதவி செய்யுங்கள். சாப்பாட்டை எடுத்துப் போக வேன்காரர் வருவார். அவருக்குக் கார்டு மூலம் பணம் வாங்க வசதி இல்லை. அவர் கூலியையும் சேர்த்து உங்களுக்கே அனுப்புகிறேன். நீங்கள் அவருக்கு அனுப்பிவிடுங்கள்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாப்பாட்டுக்கு 1,500 டாலர். வேன் கூலி 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2,500 டாலர் கடைக்காரர் கணக்கில் ஏறும். அதைப் பார்த்து அவர் 1,000 டாலரை வேன்காரருக்கு அனுப்புவார்.

வேன்காரர் என்று யாரும் கிடையாது. எல்லாம் அதே ஆசாமி!

அந்த 2,500 டாலர் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவருடைய திருட்டுக் கார்டிலிருந்து. கார்டுக்குச் சொந்தக்காரர், "நான் இதை வாங்கவில்லை" என்று பாங்கியில் புகார் கொடுப்பார். பாங்கி 2,500 டாலரையும் கடைக்காரரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். அவர் அனுப்பிய 1,000 டாலர் போனது போனதுதான். சமைத்திருந்தால், சாப்பாடும் வீண்.

கார்டுக்குப் பதில் செக் கொடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் 1987-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. செக் போட்டவர் சில நாட்களுக்குள் அந்தப் பணத்தை எடுக்கப் பாங்கி அனுமதிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். வாடிக்கைக்காரர்களின் சௌகரியத்துக்காக வந்த சட்டம் அது. ஆனால் பணம் எடுக்க முடிகிறது என்பதாலேயே செக் நல்ல செக் என்று அர்த்தம் இல்லை. போலி செக் என்று தெரியச் சில வாரங்களும் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரன் நுழைகிறான்.

ஒரு விஷயம். காது கேட்காத வாடிக்கைக்காரர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். அவர்கள் மீது சந்தேகப்பட வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது வேறு ஒன்றை. உங்களிடம் சரக்கு வாங்க வந்தவர், "அதிகப் பணம் தருகிறேன், அதில் ஒரு பகுதியை இன்னொருவருக்கு அனுப்பு" என்கிறார் அல்லவா? அதைத்தான்!

இது பேராசையா?

இப்படி ஏமாந்தவரைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்? "பேராசை பெருநஷ்டம்" என்று சொல்லும்.

இது நியாயம் இல்லை.

வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை இழந்தவர் வேறு. இவர் வேறு. இவர் எந்தக் குறுக்கு வழிக்கும் போகவில்லை. தன் சரக்கைத் தன் விலைக்கு விற்றார். பெரிய ஆர்டர் ஒன்று வராதா என்று ஏங்காத வியாபாரி உண்டா? அது ஆசை அல்ல, பிழைப்பு. அந்தப் பிழைப்பையே தூண்டிலாக்குகிறார்கள்.

பெரிய கம்பெனியில் ஆர்டரைச் சரி பார்க்க ஒருவர் இருப்பார். கடன் கொடுக்கலாமா என்று பார்க்க இன்னொருவர் இருப்பார். சின்னக் கடையில்? முதலாளியும் அவரே. கணக்குப் பிள்ளையும் அவரே. மூட்டை கட்டுகிறவரும் அவரே. இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு இ-மெயில் பார்க்கிறார். தூக்கக் கலக்கத்தில் ஒரு எழுத்து வித்தியாசம் கண்ணில் படுமா?

நஷ்டம் வந்தால், அதை ஈடு கட்ட எவ்வளவு உழைக்க வேண்டும் தெரியுமா? 100 ரூபாய்க்கு விற்றால் 10 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்ச ரூபாய் ஆர்டர் மோசடியில் போய்விட்டது. அந்தச் சரக்கு அவருக்கு அடக்கம் 90 ஆயிரம். இந்த 90 ஆயிரத்தைத் திரும்ப எடுக்க, அவர் இன்னும் 9 லட்ச ரூபாய்க்கு வியாபாரம் செய்ய வேண்டும். அதுவரை அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை. குடும்பம் எதைச் சாப்பிடுவது?

ஒரு டெலிபோன் போதும்!

இவ்வளவு பெரிய மோசடி. தடுக்கும் வழியோ மிகவும் எளிது.

ஒரு டெலிபோன்! அதுவும், சரக்கை ஏற்றுவதற்கு முன்னால்!

யாருக்குப் போன் செய்வது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இ-மெயிலில் போட்டிருக்கும் நம்பருக்கே போன் செய்கிறார்கள். அந்த நம்பரும் மோசடிக்காரனுடையதுதானே! "ஆமாம் சார், நாங்கள்தான் ஆர்டர் கொடுத்தோம்" என்று அவன் இனிமையாகப் பேசுவான்.

அந்தக் கம்பெனியின் நம்பரை நீங்களாகத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதன் சொந்த இணைய தளத்தில் இருக்கும். தெரிந்த வியாபாரியிடம் கேட்டாலும் கிடைக்கும். அந்த நம்பருக்குப் பேசி, "இன்ன ஆர்டர் உங்களுடையதா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

அதோடு இவற்றையும் பாருங்கள்:

1. முன்பின் தெரியாதவர், முதல் தடவையே மிகப் பெரிய அளவு கேட்கிறாரா? கேட்கும்போதே, "ரொம்ப அவசரம், நாளைக்கே வேண்டும்" என்கிறாரா?

2. சரக்கு போக வேண்டிய விலாசமும், கம்பெனியின் விலாசமும் ஒன்றா? கம்பெனி ஒரு ஊரில், கிடங்கு வேறு ஊரில் என்றால் காரணம் கேளுங்கள்.

3. லாரி கிளம்பிய பிறகு, "விலாசம் மாறிவிட்டது, பக்கத்துத் தெருவில் இறக்கு" என்று டிரைவருக்குப் போன் வந்தால் இறக்கக் கூடாது. இதை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதுவும் ஐரோப்பாவில் பழகிப்போன தந்திரம்.

4. புதிய ஆளுக்கு முதல் ஆர்டரில் கடன் வேண்டாம். முழுப் பணமோ பாதிப் பணமோ முன்னால் வரட்டும். பணம் உறுதியாக வந்துவிட்டதா என்று பாங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. வந்த பணத்தில் ஒரு பகுதியை மூன்றாம் ஆளுக்கு அனுப்பச் சொன்னால், அத்தோடு பேச்சை நிறுத்துங்கள்.

நம் ஊரிலும் உண்டு!

நம் நாட்டில் இதே மோசடி வேறு உடையில் வருகிறது. ராணுவ உடை!

"ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன். 50 சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டும்" என்று ஓட்டலுக்குப் போன் வரும். செல்போனில் ராணுவ அடையாள அட்டையின் படமும் வரும். சாப்பாடு தயாரானதும், "பணம் அனுப்புகிறேன். இந்தக் கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் உங்களுக்கு வந்துவிடும்" என்பார்கள்.

வராது. போகும்!

ஒன்றை மட்டும் மனதில் எழுதி வையுங்கள். யு.பி.ஐ. மூலம் பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண் வேண்டும். வாங்குவதற்கு வேண்டவே வேண்டாம். வாங்குகிறவரை எண்ணைப் போடச் சொன்னால், அது மோசடி.

கம்பெனி என்று சொல்லி ஆர்டர் கொடுத்தால், ஜி.எஸ்.டி. எண் கேளுங்கள். 15 எழுத்தும் எண்ணும் கொண்டது அது. அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. இணைய தளத்தில் போட்டுப் பார்த்தால் கம்பெனியின் பெயரும் இடமும் தெரியும். எண் சரியாக இருந்தாலும், பேசுகிறவர் அந்தக் கம்பெனி ஆள்தானா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணையும் திருடுவார்கள்!

ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு வீட்டில் உட்காரக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசாங்கத்தின் சைபர் குற்ற இணைய தளத்திலும் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. லாரியில் சரக்கு போய்க்கொண்டிருந்தால், முதலில் டிரைவரைக் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்லுங்கள்.

வீட்டிலும் சொல்லுங்கள். பெரிய ஆர்டர் வந்த சந்தோஷத்தில் இருப்பவருக்கு, அதில் உள்ள ஓட்டை தெரியாது. பக்கத்தில் இருக்கும் மனைவிக்கோ, படிக்கும் மகளுக்கோ, கடைப் பையனுக்கோ தெரியலாம். "இந்த விலாசத்தைக் கொஞ்சம் படித்துப் பார்" என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

"விசாரித்தால் வாடிக்கைக்காரர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ?" என்று பயப்பட வேண்டாம். நிஜமான வாடிக்கைக்காரர் ஒரு நாள் பொறுப்பார். ஜாக்கிரதையான வியாபாரி என்று உங்களை மதிப்பார்.

ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்கிறவருக்குச் சரக்கை ஏற்றாதீர்கள்.